1940கள்ல வந்த ஒரு மணி நேர பிரைவேட் டிடெக்டிவ் படங்கள் – இன்னும் யாராச்சும் பாக்குறீங்களா?

ராத்திரிரீல்

ஹாலிவுட் டிடெக்டிவ் படம்னு பேச்செடுத்தா நம்மாளுங்க ஹம்ப்ரி போகார்ட்ங்குற ஸ்டாரோட படம் ரெண்டு சொல்லுவாங்க, அப்புறம் 70கள்ல வந்த கலர் படம் ஒண்ணு சொல்லுவாங்க, அதோட முடிஞ்சிடும். நான் பேச வந்தது அதுக்கெல்லாம் அடியில கெடக்குற படங்களப் பத்தி. அறுபது நிமிஷம், மிஞ்சிப்போனா எழுபது. ரெண்டு மூணு ரூம், ஒரு கார், ஒரு துப்பாக்கி, ஒரு ஆபீஸ் கதவு, அந்தக் கண்ணாடில டிடெக்டிவ் பேரு. போஸ்டர்ல இருக்குற ஆள யாருக்கும் அடையாளம் தெரியாது.

சமீபத்துல திரும்பப் பாத்தது மிஸ்டீரியஸ் இன்ட்ரூடர், 1946, கொலம்பியா கம்பெனி, வில்லியம் காசில் டைரக்‌ஷன். ரேடியோல வந்த தி விஸ்லர்ங்குற தொடரை வச்சு எடுத்த எட்டு படத்துல இது ஒண்ணு. வயசான மியூசிக் கடைக்காரர் ஒருத்தர் டான் கேல்ங்குற டிடெக்டிவ்கிட்ட வர்றாரு, பல வருஷமா காணாம போன ஒரு பொண்ணைக் கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு. அந்தப் பொண்ணுக்குச் சேர வேண்டிய பொருள் ஒண்ணு அவர்கிட்ட இருக்கு, அது என்னன்னு அவருக்குத் தெரியும், டிடெக்டிவுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. கேல் என்ன பண்றான்னா நிஜப் பொண்ணைத் தேடாம வேற ஒருத்தியை அந்தப் பொண்ணு மாதிரி நடிக்கச் சொல்லி கடைக்கு அனுப்புறான். ஹீரோவேதான் மோசடி பண்றான்! அதுவும் படம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே. பெரிய கம்பெனி பெரிய ஸ்டார வச்சு இத எடுத்திருந்தா, இல்ல இல்ல அவன் நல்லவன்தான், அது ஒரு பிளானுன்னு பின்னாடி ஒரு சீன் வச்சு சரிக்கட்டியிருப்பாங்க. இதுல கடைசி வரைக்கும் அவன் நல்லவனா கெட்டவனான்னு நமக்குப் பிடி கிடைக்காது. அந்த ஆளோட முகத்துலயும் கிடைக்காது.

அந்த ஆள் ரிச்சர்ட் டிக்ஸ். 1931ல சிமரான் படத்துக்கு ஆஸ்கர் நாமினேஷன் வாங்கினவரு, அந்தப் படம் சிறந்த படம் அவார்டே வாங்கிச்சு. பதினஞ்சு வருஷம் கழிச்சு ரெண்டாம் தர படத்துல கொஞ்சம் உப்பிப்போன முகத்தோட கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிறாரு. 1949ல செத்துட்டாரு, 56 வயசுதான். இத தெரிஞ்சுக்கிட்டு பாக்கும்போது அந்த கேலோட களைப்பு நடிப்பு மாதிரியே தெரியாது.

நான் கேக்க வர்றது இதுதான். இந்தப் படங்கள்ல நமக்குப் பிடிக்குறது என்ன? பழசுங்குறதாலயா, இல்ல நிஜமாவே அதுல ஒரு விஷயம் இருக்கா? இருக்குன்னு நான் நம்புறேன். உங்க அபிப்ராயம் சொல்லுங்க.

சுருளிமலை

சார் நான் ஒளிவுமறைவு இல்லாம சொல்லிடறேன், இந்த வகையில ஒரு பெரிய லிஸ்டே பாத்து முடிச்சிருக்கேன், பாதிக்கு மேல சுத்த வேஸ்ட்டு. யாரு யாரைக் கொன்னான், எதுக்குக் கொன்னான் ஒண்ணும் புரியாது, கடைசி அஞ்சு நிமிஷத்துல எல்லாரையும் ஒரே ரூம்ல உக்கார வச்சு டிடெக்டிவ் மூச்சுவிடாம பேசுவான், படம் முடிஞ்சிடும். 250 பக்க நாவலை ஒரு மணி நேரத்துல அடைச்சா அப்படித்தான் வரும். மறந்துபோன படம் பல நேரத்துல மறக்க வேண்டிய படமாத்தான் இருக்கு, இத சொல்ல ஏன் தயங்கணும்.

பிஆர்சி கம்பெனி எடுத்த மைக்கேல் ஷேன்ங்குற டிடெக்டிவோட படங்கள எடுத்துக்கோங்க. ஹியூ போமான்ட் நடிச்ச அஞ்சு படம், 46-47ல வந்தது. லைட்டிங் எப்படின்னா டியூப்லைட் போட்ட பேங்க் மாதிரி எல்லா மூலையும் ஒரே வெளிச்சம். காசில்லாததால இருட்டு, இருட்டுனால அழகுன்னு எல்லா இணையதளத்துலயும் எழுதி வச்சிருக்காங்களே, இந்த அஞ்சு படத்தையும் பாத்துட்டு அதச் சொல்லட்டும்.

கயல்_60நிமிடம்

சுருளிமலை அண்ணா அந்த லைட்டிங் விஷயத்துல நீங்க சொல்றது நூத்துக்கு நூறு. காசு இல்லன்னா நிழல் தானா வந்துடாது, அதுக்கு ஒரு ஆள் யோசிக்கணும். டீடூர் (1945, அதே பிஆர்சி கம்பெனிதான், டிடெக்டிவ் படம் இல்ல ஆனா உதாரணத்துக்கு) அதுல நியூயார்க் தெரு காட்டணும், தெருவு செட்டு போட காசில்ல, எட்கர் உல்மர் என்ன பண்ணாருன்னா ஒரே பனிமூட்டமா போட்டு ரெண்டு பேரை அதுக்குள்ள நடக்க விட்டுட்டாரு. தெருவே காணோம், ஆனா அந்த ரெண்டு பேரும் பிரியப் போறாங்கன்னு அந்தப் பனியே சொல்லிடுது. அதே கம்பெனி, அதே வறுமை, வேற ஆள் வேற மூளை.

ஆனா ஷேன் படம்னாலே போமான்ட் மட்டும் இல்லையே! ஃபாக்ஸ் கம்பெனி 1940லேர்ந்து 42 வரைக்கும் லாய்ட் நோலன வச்சு ஏழு ஷேன் படம் எடுத்தாங்க, அதுங்க எனக்கு உயிரு. நோலன் ஒரு பில்லுக்குக் காசு குடுக்குற மாதிரி குடுத்துட்டு திரும்ப வாங்கிக்குற ஆளு, எந்நேரமும் கையில காசு இருக்காது, கடன்காரன் ஒரு பக்கம் போலீஸ்காரன் ஒரு பக்கம், நடுவுல வாயாலயே பிழைப்பு ஓட்டுறான். ஒரு வேடிக்கை என்னன்னா ஏழு படத்துல முதல் படம்தான் ஷேன் நாவல்லேர்ந்து எடுத்தது. மத்ததெல்லாம் வேற வேற எழுத்தாளர்களோட கதைய வாங்கி அதுல இருக்குற ஹீரோவைத் தூக்கிட்டு ஷேனை உள்ள வச்சிட்டாங்க. டைம் டு கில் (1942) பாத்தீங்கன்னா அது ரேமண்ட் சாண்ட்லர்ங்குற கிரைம் எழுத்தாளரோட தி ஹை விண்டோ நாவல்! அவரோட டிடெக்டிவ் பிலிப் மார்லோ இருக்க வேண்டிய இடத்துல ஷேன் நிக்கிறான். அஞ்சு வருஷம் கழிச்சு அதே ஃபாக்ஸ் அதே நாவலை மார்லோவோட தி பிராஷர் டப்லூன்னு எடுத்தாங்க. ரெண்டையும் அடுத்தடுத்து பாருங்க, எனக்கு சின்னப் படம்தான் பிடிச்சிருக்கு, ஓட்டம் இருக்கு, எங்கயும் நின்னு அழகு காட்டல.

பழைய_ப்ரொஜெக்டர்

தம்பி ராத்திரிரீல், கேள்விய சரியான இடத்துல வச்சிருக்கீங்க, ஆனா இதுக்குப் பதில் சொல்லணும்னா முதல்ல இந்தப் படங்க எப்படி விக்கப்பட்டுச்சுன்னு தெரியணும். அத யாரும் பேசுறதில்ல.

1930கள்ல பொருளாதார மந்தம், தியேட்டருக்குக் கூட்டம் கொறஞ்சு போச்சு, ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு படம்னு தியேட்டர்காரங்க ஆரம்பிச்சாங்க. மெயின் படத்துக்கு வசூல்ல பங்கு. கூட ஓடுற ரெண்டாவது படத்துக்குப் பங்கு கிடையாது, ஃபிக்ஸட் வாடகை. இத்தனை டாலர், அவ்ளோதான். கூட்டம் வந்தாலும் அதே காசு, வரலைன்னாலும் அதே காசு. அப்போ என்ன ஆகுது? படம் எவ்வளவு சம்பாதிக்கும்னு எடுக்கறதுக்கு முன்னாடியே கிட்டத்தட்ட தெரியும். அதுக்குள்ள செலவ அடக்கினா லாபம். அதனால ஒரு வாரம் பத்து நாள்ல முடிக்கணும், இருக்குற செட்டுலயே எடுக்கணும், ரீடேக் கூடாது. மோனோகிராம், பிஆர்சி, ரிபப்ளிக் இவங்களயெல்லாம் சேத்து பாவர்ட்டி ரோன்னு சொல்லுவாங்க, பேருலயே வறுமை இருக்கு. கொலம்பியா, ஃபாக்ஸ், ஆர்கேஓ மாதிரி கம்பெனிங்க தங்களுக்குள்ளயே ஒரு சின்ன யூனிட் வச்சு இதே வேலைய கொஞ்சம் நல்ல செட்டோட செஞ்சாங்க.

சுருளிமலை திட்டுன அந்தப் போமான்ட் படங்கள்ல நாலு சாம் நியூஃபீல்ட் டைரக்ட் பண்ணது. அந்த மனுஷன் பிஆர்சிக்கு எத்தன படம் எடுத்தாருன்னா ஒரே ஆள் பேரு இத்தன தடவ வரக்கூடாதுன்னு ஷெர்மன் ஸ்காட், பீட்டர் ஸ்டூவர்ட்னு வேற ரெண்டு பேருலயும் படம் வந்துச்சு. அவரோட அண்ணன் சிக்மண்ட் நியூஃபெல்ட்தான் தயாரிப்பாளரு. அவங்களுக்கு இது தினப்படி பிழைப்பு தம்பி, கலைன்னு அவங்க நெனைக்கல, நாமளும் எல்லாத்தையும் கலைன்னு தூக்கிப் பிடிக்க வேண்டாம்.

1948ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு பாரமவுன்ட் வழக்குல தீர்ப்பு குடுத்துச்சு, பெரிய கம்பெனிங்க படத்தைக் கட்டாக் கட்டி தியேட்டர் தலையில தள்ளுறது நின்னுச்சு. அந்தப் பக்கம் டிவி வந்துச்சு. அரைமணி நேர டிடெக்டிவ் கதைய வீட்டுலயே ஓசில பாக்கலாம்னா யாரு தியேட்டருக்கு வருவா. 1951ல லிப்பர்ட் கம்பெனி அதே போமான்ட வச்சு மூணு படம் எடுத்துச்சு, டேஞ்சர் ஸோன், ரோரிங் சிட்டி, பியர் 23. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு அரைமணி நேரக் கதை. தியேட்டர்லயும் ஓட்டலாம், ரெண்டா வெட்டி டிவிக்கும் விக்கலாம்னு கணக்கு. அதுதான் இந்த ஜாதிப் படத்தோட கடைசி மூச்சு. போமான்ட் அப்புறம் 1957லேர்ந்து லீவ் இட் டு பீவர் சீரியல்ல அமெரிக்காவுக்கே அப்பாவா ஆயிட்டாரு, துப்பாக்கி தூக்கின கதையெல்லாம் எல்லாரும் மறந்துட்டாங்க.

ராத்திரிரீல்

ஐயா, நீங்க சொன்ன அந்த ஃபிக்ஸட் வாடகை விஷயம்தான் எனக்கு முக்கியமா படுது. இத கொஞ்சம் நீட்டிப் பாக்குறேன்.

படம் நல்லா இருந்தாலும் ஒரு டாலர் கூட வராது. மோசமா இருந்தாலும் ஒரு டாலர் கொறையாது. விமர்சனம் எழுத யாரும் வரமாட்டாங்க, வந்தாலும் ரெண்டு வரி. அப்போ நல்லா எடுக்கணும்னு யாருக்கு என்ன அவசியம்? ஒண்ணுமே இல்ல. இருந்தும் வில்லியம் காசில் மிஸ்டீரியஸ் இன்ட்ரூடர்ல அந்த மியூசிக் கடை சீனுக்காக உக்காந்து யோசிச்சிருக்காரு. மைக் மசுர்கிங்குற நடிகர் கடைக்குள்ள ஒளிஞ்சு நிக்கிறத எந்த இடத்துல காட்டணும், எவ்வளவு நேரம் காட்டாம இருக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. அந்தப் பொருள் என்னன்னு பின்னாடி தெரிய வரும் (இது சொன்னா படம் கெடாது) ஜென்னி லிண்ட்ங்குற ஸ்வீடன் பாடகியோட குரல் பதிஞ்ச மெழுகு சிலிண்டர். நிஜத்துல அந்தம்மா 1887ல செத்துட்டாங்க, எடிசன் ஃபோனோகிராஃப் கண்டுபிடிச்சது 1877. அந்தப் பத்து வருஷ இடைவெளிக்குள்ள ஒரு கதைய சொருகியிருக்காங்க பாருங்க! ஒரு உலகப் புகழ் பெற்ற பாடகியோட குரல் எந்தப் பதிவும் இல்லாம போயிடுச்சு, அது எங்கயோ ஒரு சின்னக் கடையில கெடக்குதுன்னா? கேக்கவே ஆசையா இருக்குல்ல. கதாசிரியர் இந்த யோசனைய ஒரு ஏ படத்துக்கு (மெயினா ஓடுற பெரிய படத்துக்கு) வச்சிருந்திருக்கலாம், வச்சிக்கல, இங்கயே செலவழிச்சிட்டாரு.

படத்துக்குள்ள இருக்குற டிடெக்டிவும் அதே நெலமைதான். தினக்கூலி. ஒரு நாளைக்கு இவ்வளவு, மேல செலவு. கேஸ முடிச்சாலும் முடிக்கலைன்னாலும் அந்தக் கூலிதான். கேஸுக்குள்ள உயிரக் குடுத்து எறங்கணும்னு எந்த அவசியமும் இல்லாத ஆளு எறங்குறான். இந்தப் படங்கள்ல நல்லதா இருக்குறது எல்லாமே யாரும் கேக்காம செஞ்ச வேலை. எனக்கு அதுதான் ஈர்ப்பு.

சுருளிமலை

இது நல்லா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா இது அந்தப் பத்து நல்ல படத்துக்குத்தான் பொருந்தும். மீதி இருக்குற நூறு படத்துல கேக்காம யாரும் எதுவும் செய்யல, கேட்டதக்கூட முழுசா செய்யல.

வடமராட்சிப்_பொடியன்

எல்லாருக்கும் வணக்கம், நான் கனகாலமா வாசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன், இண்டைக்குத்தான் எழுதுறன். நீங்கள் கதைக்கிறதில ஒரு விசயம் விடுபட்டுப் போச்சுது எண்டு நினைக்கிறன். சார்லி சான், மிஸ்டர் மோட்டோ, மிஸ்டர் வோங் எண்ட ஆசிய டிடெக்டிவ் பாத்திரங்கள். இந்த மலிவான டிடெக்டிவ் படங்களுக்குள்ள பெரிய பங்கு உவையின்ரதான். ஆனா அந்தப் பாத்திரமா நடிச்ச இவை ஒருத்தரும் சீனரோ ஜப்பானியரோ இல்லை. சார்லி சானா நடிச்ச வார்னர் ஓலண்ட் ஸ்வீடனில பிறந்தவர், அவருக்குப் பிறகு வந்த சிட்னி டோலரும் வெள்ளைக்காரர். மோட்டோவா பீட்டர் லோரி, வோங்கா போரிஸ் கார்லோஃப். கண்ணை இழுத்து ஒட்டிப்போட்டு, உடைஞ்ச இங்கிலீஷில பழமொழி சொல்ல வைப்பினம். எனக்கு உதைப் பாக்கேக்க சரியான கஷ்டமா இருக்கும். ஈர்ப்பு எண்டு கதைக்கேக்க உதையும் சேத்துத்தான் கதைக்கவேணும்.

ஆனா உதுக்குள்ளேயே ஒரு படம் இருக்குது. பாண்டம் ஆஃப் சைனாடவுன், 1940, மோனோகிராம். கார்லோஃப் அஞ்சு படம் வோங்கா நடிச்சு முடிச்சாப் பிறகு ஆறாவது படத்துக்கு கீ லூக்கை போட்டவை. கீ லூக் சீனாவில பிறந்த ஆள், அதுக்கு முதல் சார்லி சானின்ர மூத்த மகனா நடிச்சுக்கொண்டிருந்தவர், எப்பவும் தகப்பனிட்ட பேச்சு வாங்கிற பெடியனா. இதில அவர்தான் டிடெக்டிவ். ஒட்டுவேலை இல்லை, பழமொழி இல்லை, நல்ல சூட் போட்டுக்கொண்டு மற்றவை மாதிரி சாதாரணமா கதைக்கிறார். ஒரு தொல்லியல் பேராசிரியர் மேடையில பேசிக்கொண்டிருக்கேக்க தண்ணி குடிச்ச உடனை விழுந்து சாகிறார், அதோட தொடங்குது கதை. கதை பெரிசா ஒண்டும் இல்லை, உண்மையைச் சொன்னா கொஞ்சம் இழுவை. ஆனா அந்த மனுசன் அந்த அறைக்குள்ள நடந்து வாற விதத்தைப் பாக்கவெண்டே நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கிறனான். பெரிய கம்பெனி ஒண்டும் 1940இல உதைச் செய்யேல்லை. செய்தது ஒரு வறுமைப்பட்ட கம்பெனி. அதோட அந்தத் தொடரையும் நிப்பாட்டிப் போட்டினம்.

கயல்_60நிமிடம்

இத எழுதினதுக்கு ரொம்ப நன்றி அண்ணை. கீ லூக் பத்தி எனக்குத் தெரியும் ஆனா அந்த ஆறாவது படம் பாத்ததில்ல, இந்த வாரமே பாக்குறேன்.

இதே மாதிரி பொம்பளைங்க பக்கத்துலயும் ஒண்ணு இருக்கு. ஏ படத்துல பொண்ணு ஒண்ணு வில்லியா இருப்பா, இல்ல கட்டிப்போட்டு வச்சிருப்பாங்க. இந்தச் சின்னப் படங்கள்ல வேலைக்குப் போற பொண்ணுங்க நெறைய. ஸ்டெனோ, ரிப்போர்ட்டர், டெலிபோன் ஆபரேட்டர், ஹோட்டல் நடத்துறவ. வார்னர் கம்பெனி 1939ல பிரைவேட் டிடெக்டிவ்னு ஒரு மணி நேரத்துக்கும் குறைவா ஒரு படம் எடுத்தாங்க, அதுல டிடெக்டிவே ஒரு பொண்ணு, ஜேன் வைமன். அவங்க அப்புறம் 1948 படத்துக்கு ஆஸ்கர் வாங்கினாங்க. படம் ரொம்ப லைட்டு, போலீஸ்காரக் காதலன் வேலைய விடு வேலைய விடுன்னு சொல்லிக்கிட்டே இருப்பான், அந்த எரிச்சல் இருக்கும், ஆனா கேஸ்ல தலைய குடுக்குறது அவதான்.

அடுத்து என்னோட ஃபேவரைட். பிஹைன்ட் லாக்ட் டோர்ஸ், 1948, ஈகிள்-லயன் கம்பெனி (பிஆர்சி இதுக்குள்ளதான் கரைஞ்சு போச்சு). டிடெக்டிவ் அப்பத்தான் ஆபீஸ் தொறக்குறான், கதவுல பேரு இன்னும் எழுதி முடியல, அதுக்குள்ள ஒரு ரிப்போர்ட்டர் பொண்ணு வர்றா. போலீஸ் தேடுற ஒரு ஜட்ஜு ஒரு மனநல விடுதிக்குள்ள ஒளிஞ்சிருக்கான், அவனப் பிடிச்சா பத்தாயிரம் டாலர் பரிசு. நீ பைத்தியமா நடிச்சு உள்ள போ, நான் உன் பொண்டாட்டியா நடிச்சு சேத்து விடறேங்குறா. பிளான் போட்டது முழுக்க அவ. இவன் உள்ள போயிடுறான், அதுக்கப்புறம் வெளிய வர முடியல. 62 நிமிஷம். டைரக்டர் பட் பெட்டிகர், டைட்டில்ல ஆஸ்கர் பெட்டிகர்னு இருக்கும், பின்னாடி ராண்டால்ஃப் ஸ்காட்டோட பெரிய வெஸ்டர்ன்லாம் எடுத்தவரு. அந்தப் பொண்ணா வர்ற லூசில் பிரெமர் எம்ஜிஎம்ல ஃப்ரெட் அஸ்டேரோட ஜோடியா ஆடினவங்க, இதுதான் அவங்க கடைசிப் படம். சாமுவேல் ஃபுல்லர் 1963ல ஷாக் காரிடார் எடுத்தப்போ எல்லாரும் ஆகா புதுசுன்னாங்க, ஆள் பைத்தியமா நடிச்சு உள்ள போறது இந்தக் குட்டிப் படத்துல பதினஞ்சு வருஷம் முன்னாடியே இருக்கு!!

சுருளிமலை

இது நான் பாக்கல. பாத்துட்டு வர்றேன்.

மெரினா_மேட்னி

நானும் கொஞ்சம் சொல்லிக்கறேன். எங்க வீட்டுல பாக்கெட் நாவல் படிச்சு வளந்த கூட்டம் நாங்க, பஸ் ஸ்டாண்டு கடையில தொங்கும், ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள முடிச்சிடலாம். இந்தப் படங்களும் அதே அளவுதான். பெரிய நாவல் மாதிரி நம்மள மாத்திடணும்னு எந்த எண்ணமும் கிடையாது, ஒரு பயண நேரம், ஒரு கொலை, ஒரு விடை. நம்ம சைடுலயும் அதே காலத்துல சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் வருஷம் பூரா நிக்காம படம் எடுத்துட்டு இருந்துச்சு, 1950ல திகம்பர சாமியார் வந்துச்சு, நம்பியார் ஹீரோவா வேஷம் மாத்தி மாத்தி துப்பறிவாரு. நம்பியார ஹீரோவா யோசிச்சுப் பாருங்க. வேகமா நெறைய படம் எடுக்குற எடத்துலதான் இந்த மாதிரி ஆள மாத்திப் போட்டுப் பாக்குற தைரியம் வரும்னு தோணுது. வடமராட்சி அண்ணன் சொன்ன கீ லூக் கதையும் அதுதானே.

ஒரு சந்தேகம், ரிச்சர்ட் டிக்ஸ் மாதிரி பழைய ஸ்டாருங்க எல்லாரும் ஏன் டிடெக்டிவாவே வந்து நிக்கிறாங்க?

பழைய_ப்ரொஜெக்டர்

நல்ல கேள்விம்மா. கணக்கெடுத்தா ஆச்சரியமாத்தான் இருக்கும். பாஸ்டன் பிளாக்கி தொடர்ல பதினாலு படம் நடிச்ச செஸ்டர் மாரிஸ், அலிபி (1929) படத்துக்கு ஆஸ்கர் நாமினேஷன் வாங்கினவரு. கிரைம் டாக்டர் தொடர்ல பத்து படம் நடிச்ச வார்னர் பாக்ஸ்டர் ஆஸ்கரே வாங்கினவரு, இன் ஓல்ட் அரிசோனா படத்துக்கு. பிஆர்சி 1946ல எடுத்த அகாம்ப்ளிஸ் படத்துல டிடெக்டிவா வர்ற ரிச்சர்ட் ஆர்லன், விங்ஸ் (1927) ஹீரோக்கள்ல ஒருத்தரு, முதல் முதல்ல சிறந்த படம் ஆஸ்கர் வாங்கினதே அதுதான். ஒரு நாமினேஷன், ஒரு ஜெயிச்சவரு, ஒரு முதல் படம். எல்லாரும் கடைசியில வாடகைக் காருல உக்காந்து சந்தேக நபரைப் பின்தொடர்ற வேலைக்கு வந்துட்டாங்க.

காரணம் எளிமை. கம்பெனிக்குப் பேரு தெரிஞ்ச முகம் வேணும், சம்பளம் கம்மியா இருக்கணும். நடிகருக்கு வருஷத்துக்கு ரெண்டு மூணு படம், கொஞ்ச நாள் வேலை, நிம்மதியான வருமானம். டிடெக்டிவ் வேஷத்துக்கு வயசு ஒரு தடையில்ல, ஓட வேண்டாம், காதல் சீன் வேண்டாம், தொப்பியும் கோட்டும் போதும், உடம்பு பெருத்தாலும் மறைஞ்சிடும். அதுவுமில்லாம வாழ்க்கைல அடிபட்ட முகம் டிடெக்டிவுக்குப் பொருத்தமா இருக்கு. இருபத்தஞ்சு வயசு அழகன் வந்து எனக்கு இந்த ஊரு தெரியும்னு சொன்னா யாரு நம்புவா.

புதுசா_வந்தவன்23

அண்ணே, எல்லாம் படிச்சேன், சூப்பரா இருக்கு, நான் ஒரு படம் கூட பாத்ததில்ல, எதுல ஆரம்பிக்கலாம்? பிரிண்ட் நல்லா இருக்குறதா சொல்லுங்க, யூடியூப்ல ஒண்ணு போட்டேன், பாதி முகம் தெரியல, சத்தம் கிணத்துக்குள்ள இருந்து வருது.

ராத்திரிரீல்

தம்பி, ஹை டைட்ல ஆரம்பி. 1947, மோனோகிராம், டைரக்டர் ஜான் ரைன்ஹார்ட், வியன்னாக்காரரு. முதல் ஷாட்டுலயே ஒரு கார் கடற்கரைப் பாறையில தலைகுப்புற விழுந்து நொறுங்கிக் கெடக்கு, உள்ள ரெண்டு பேரு. ஒருத்தன் டிடெக்டிவ், அவன் கால் மாட்டிக்கிச்சு. இன்னொருத்தன் பத்திரிகை ஆசிரியன், அவனுக்கு முதுகு போச்சு. அலை ஏறிக்கிட்டே வருது. ரெண்டு பேரும் பேச ஆரம்பிக்கிறாங்க, நாம இங்க எப்படி வந்து சேந்தோம்னு. அங்கிருந்து ஃபிளாஷ்பேக். அந்த ஆசிரியனா லீ ட்ரேசி, 30கள்ல படபடன்னு பேசியே பேர் வாங்கின நடிகரு, இதுல அந்தப் பேச்சு கசந்து போயிருக்கும். எழுபது நிமிஷம் சுத்திதான் வரும், இந்தக் கடலு எப்போ கார் வரைக்கும் வரும்னு உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு கார், ஒரு கடற்கரை, ரெண்டு நடிகருங்க, இதுக்கு என்ன செலவு? ஆனா எந்தப் பெரிய படத்துலயும் இந்த மாதிரி ஒரு தொடக்கம் நான் பாத்ததில்ல.

பிரிண்ட் கவலை வேண்டாம், ஃபிலிம் நாயர் ஃபவுண்டேஷன் பணத்துல யுசிஎல்ஏ பல்கலைக்கழக ஆவணக் காப்பகம் மீட்டு எடுத்திருக்காங்க, ப்ளூரேலயும் வந்திருக்கு, அதே டைரக்டரோட தி கில்டியும் கூட.

அதுக்கப்புறம் கில்டி பைஸ்டாண்டர், 1950. டிடெக்டிவ் ஒரு முன்னாள் போலீஸ், குடிச்சுக் கெட்டவன், ஒரு அழுக்கு லாட்ஜுல தங்கி அங்கயே காவல் வேலை பாக்குறான். பிரிஞ்சு போன பொண்டாட்டி வந்து நம்ம கொழந்தையக் காணோம்னு எழுப்புறா. நியூயார்க் தெருவுல நிஜமா எடுத்தது. ஸாக்கரி ஸ்காட் அந்த நடுங்குற கையோட ஒரு கிளாஸைப் பாக்குற பார்வை இருக்கே, எனக்கு வயித்தப் பெசஞ்சிடுச்சு. இதுவும் நல்ல பிரிண்ட்ல மீட்டு வந்தாச்சு.

பழைய_ப்ரொஜெக்டர்

பிரிண்ட் ஏன் இப்படி இருக்குன்னு அந்தத் தம்பிக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்துல அமெரிக்காவுல படத்துக்குக் காப்பிரைட் 28 வருஷம், அப்புறம் புதுப்பிக்கணும். கம்பெனியே இழுத்து மூடிட்டா யாரு புதுப்பிக்கிறது? பல படம் பொதுச்சொத்தா ஆயிடுச்சு. அது ஒரு பக்கம் நல்லது, யாரு வேணாலும் போடலாம். இன்னொரு பக்கம், யாருக்கும் சொந்தமில்லைன்னா நெகடிவ யாரும் காசு போட்டுப் பாதுகாக்க மாட்டாங்க. டிவிக்குக் குடுத்த 16 எம்எம் பிரிண்ட், அது ஊர் ஊரா ஓடித் தேஞ்சது, அதுலேர்ந்து விஎச்எஸ், அதுலேர்ந்து நீங்க பாத்த யூடியூப். டீடூருக்கே ஒழுங்கான பிரிண்ட் பெல்ஜியத்துல கெடைச்சு, 2018லதான் மீட்டு முடிச்சாங்க. அது பேர் வாங்கின படம். பேர் வாங்காத படத்துக்கு யாரு போவா. நீங்க பாக்குறப்போ முகம் தெரியலைன்னா கேமராமேன் மேல கோவப்படாதீங்க, அவரு எடுத்தது அது இல்ல.

சுருளிமலை

பிஹைன்ட் லாக்ட் டோர்ஸ் பாத்தேன், ஹை டைட்டும் பாத்தேன்.

ஹை டைட் கதை எனக்கு இன்னமும் சிக்கலாத்தான் இருக்கு, நடுவுல அந்த சூதாட்ட ஆளுங்க விஷயத்துல தேவையில்லாத ரெண்டு முடிச்சு. ஆனா காருக்குள்ள அந்த ரெண்டு பேரும் பேசுறது, அது வேற தரம். பெட்டிகர் படம் பத்தி கயல் சொன்னது எல்லாம் சரி, ஒண்ணு மட்டும் விட்டுட்டாங்க. டார் ஜான்சன்ங்குற நடிகர் ஒரு செல்லுக்குள்ள இருக்காரு, முன்னாள் குத்துச்சண்டைக்காரன். வார்டன் மணிச்சத்தம் மாதிரி பண்ணுவான், உடனே அந்த ஆள் ரவுண்டு ஆரம்பிச்சிடுச்சுன்னு நெனச்சு காத்துல குத்துவான். அத வேடிக்கையா காட்டல. ஒருத்தனோட பழைய பொழப்ப இன்னொருத்தன் எடுத்து விளையாடுறான், டைரக்டர் நம்மள அந்த வார்டன வெறுக்க வைக்கிறாரு. யாரும் கேக்காம செஞ்ச வேலைன்னு ராத்திரிரீல் சொன்னாரே, இந்த இடத்துல அது தெரிஞ்சிச்சு.

நூறு படத்துல பத்துதான்னு நான் சொன்னத மாத்திக்கல. அந்தப் பத்து எதுன்னு கண்டுபிடிக்க நூறையும் யாராவது பாக்கணும், அது இப்போ எனக்குப் புரியுது.

வடமராட்சிப்_பொடியன்

சுருளிமலை அண்ணை, உங்கட நூறுக்குள்ள தி பால்கன் டேக்ஸ் ஓவரையும் சேருங்கோ. 1942, ஆர்கேஓ, ஜார்ஜ் சாண்டர்ஸ். சாண்ட்லரின்ர ஃபேர்வெல் மை லவ்லி நாவலை பால்கன் எண்ட துப்பறியிற ஆளின்ர தொடருக்குள்ள போட்டு அரைச்சிருக்கினம். ரெண்டு வருசத்தில அதே கம்பெனி கையில இருந்த அதே உரிமையை வச்சுத்தான் மர்டர் மை ஸ்வீட் எடுத்தவை, அதைத்தான் எல்லாரும் இண்டைக்குக் கொண்டாடினம். சாண்டர்ஸுக்கு அந்த வேசம் அலுத்துப்போச்சு, அடுத்த படத்திலேயே அவரைச் சாகடிச்சுப்போட்டு அவற்ற சொந்தத் தமையன் டாம் கான்வேயை கதையிலயும் சகோதரனாக் கொண்டுவந்து மிச்சத் தொடரை ஓட்டினவை. கான்வேதான் எனக்குக் கூடப் பிடிக்கும், சாண்டர்ஸ் மாதிரி எல்லாரையும் கீழ பாக்கிற ஆள் இல்லை.

இன்னொரு விசயம். பாண்டம் ஆஃப் சைனாடவுன் பொதுச்சொத்துதான், அதுக்கு தமிழ் சப்டைட்டில் செய்வம் எண்டு யோசிக்கிறன். இங்கிலீஷ் வசனத்தை நான் கேட்டு எழுதித் தாறன், ஆனா என்ர தமிழ் உங்களுக்கு வேற மாதிரிக் கேக்கும், ஆரும் சேந்து செய்ய வருவினமோ?

கயல்_60நிமிடம்

நான் வர்றேன் அண்ணை. உங்க தமிழ்லயே எழுதுங்க, மாத்த வேண்டாம், கீ லூக் வசனம் உங்க பேச்சுல வந்தா நல்லாத்தான் இருக்கும். போலீஸ் கேப்டன் பேசுறத நான் எங்க ஊர்ப் பேச்சுல எழுதறேன். டைமிங் போட சாஃப்ட்வேர் எனக்குத் தெரியும்.

மெரினா_மேட்னி

பிழை பாக்குறது என் பொறுப்பு. முதல் பத்து நிமிஷம் முடிச்சதும் இங்கயே ஃபைல போடுங்க.

பழைய_ப்ரொஜெக்டர்

இன்டர்நெட் ஆர்கைவ் சைட்டுல அந்தப் படத்துக்கு ஒண்ணுக்கு மேல பிரிண்ட் கெடக்கும், எல்லாம் ஒரே நீளம் இருக்காது. எதுக்கு டைமிங் போடறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க, இல்லாட்டி பாதிலேர்ந்து வசனம் தள்ளிப் போயிடும். நான் இன்னிக்கு ராத்திரி எல்லாத்தையும் ஓட்டிப் பாத்துட்டு எது முழுசுன்னு சொல்றேன்.